ரொக்கக்காரருக்குக் கடன் கிடையாது

பச்சை எனாமல் பெயிண்ட் வாசனை... பெங்களூர் அடுகோடியில எங்க வொர்க்‌ஷாப்பைத் தாண்டுறவங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. எனக்குப் பழகிப்போச்சு. சேலையில, தலைமுடியில, சாப்பாட்டுல கூட அந்த வாசனைதான்.

அறுபதுகளோட ஆரம்பம். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். எங்க வீட்டுக்காரர் தகர ஷீட் வாங்கி டிரங்குப் பெட்டி செய்வார். கூட ரெண்டு ஆளுங்க. பெயிண்ட் அடிக்கிறது நான்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. யார்கிட்டயும் கடன் சொன்னதே கிடையாது. எல்லாம் ரொக்கம்.

ஒரு தடவை ஒரு ஹாஸ்டல்ல இருந்து பெரிய ஆர்டர் வந்தது. அவ்வளவு ஷீட்டுக்குக் கையில பணம் இல்ல. மார்க்கெட்ல எப்பவும் ஷீட் வாங்குற கரீம் பாய் கடைக்குப் போய், முதல் முறையா கடனுக்குச் சரக்கு கேட்டார்.

"தப்பா நினைக்காதே தம்பி. கடன் வாங்கினா நீ எப்படின்னு எனக்குத் தெரியாதே. வாங்கினாத்தானே தெரியும்?"

பேங்க்லயும் அதே கதை. உங்களைப் பத்தி மார்க்கெட்ல யாரு சொல்லுவாங்கன்னு ஏஜெண்ட், அதான் அந்தக் கால பேங்க் மேனேஜர், கேட்டாராம். சொல்ல ஆள் இல்ல. ஆர்டர் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு.

அப்போ நான் சொன்னேன். "கையில காசு இருக்கும்போதே கொஞ்சம் கடன் வாங்குங்க. சொன்ன தேதியில கட்டுங்க. பேரு தானா வரும்."

"காசை வெச்சுக்கிட்டு என்னைக் கடன்காரனா ஆகச் சொல்றியா?"

நல்லா கத்தினார். அடுத்த வாரமே போய்க் கொஞ்சம் ஷீட் கடனுக்கு வாங்கிட்டு வந்தார்... மறுநாளே கட்டவும் போயிட்டார்! பாய் வாங்கல. "மாசக் கடைசின்னா மாசக் கடைசிதான்ப்பா"ன்னு சிரிச்சு அனுப்பிட்டாராம்.

அப்படியே சில மாசம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் அவருக்கு மஞ்சக்காமாலை. எழுந்து நிக்க முடியல. பாய்க்கு எடுத்து வெச்ச பணம் வைத்தியத்துக்குப் போச்சு.

பாதியில நின்ன பெட்டிங்களை ஆளுங்க ரெண்டு பேரும் முடிச்சுக் கொடுத்தாங்க. நான் பெயிண்ட் அடிச்சேன். ஜட்கா வண்டியில ஏத்தி சிவாஜிநகர்ல ஒரு கடையில வித்துட்டு, நேரா மார்க்கெட்டுக்குப் போனேன். அந்தச் சந்துல அன்னிக்கு ஒரு பொம்பள கூட இல்ல.

பாய் என்னைப் பாத்துத் திகைச்சுட்டார். "தம்பிக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். இந்த மாசம் எதிர்பார்க்கலம்மா."

"அவர் சொன்ன தேதி இன்னிக்குத்தானே, பாய்."

பாய் பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டார். அப்புறம் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "இனிமே இந்தக் கணக்கு இந்தம்மா பேர்ல இருக்கட்டும்"னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். படுத்த படுக்கையிலயே சிரிச்சார். "வாடி, கடன்காரி..."

அடுத்த வருஷம் அதே ஹாஸ்டல் மறுபடியும் பெட்டி கேட்டது. இந்தத் தடவை கேட்ட ஷீட் மொத்தமும் கடனுக்கே வந்தது. பெருசா ஒரு மிஷின் வாங்க பேங்க்குக்குப் போனப்போ பாயும் கூட வந்தார். ஏஜெண்ட் என்னை நிமிர்ந்து பாத்து, "ஓ, மார்க்கெட்ல சொல்றாங்களே... அந்தம்மா நீங்கதானா?"ன்னார்.

இத்தனை வருஷம் கழிச்சு, போன வாரம் என் தம்பி பையன் கடை போட லோன் கேட்டான். பேங்க்குக்குப் போகவே இல்ல, போன்லயே... டீ ஆறுறதுக்குள்ள பணம் வந்துடுச்சு. நல்லதுதான், அலைச்சல் மிச்சம்.

"உன்னை நம்பிக் கொடுத்தது யாருடா?"ன்னு கேட்டேன்.

"யாரும் இல்ல அத்தை... சிஸ்டம்"ங்கறான்.