சுவரில் ஓடிய காவிரி

காவிரி எட்டிப் பார்க்காத எங்கள் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிதில், அரிமளத்தில் என்னோடு வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் பள்ளிச் சுவர் முழுக்கச் சோழர் காலத்துக் காவிரியை வரைந்தார். காதில் தூரிகையைச் செருகிக்கொண்டு, "இனிமே இதுவும் நம்ம ஆறுதாங்க" என்று போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி அதன் சரித்திரம் சொல்வார்.

அந்த வருஷம் ஊரணி வறண்டுவிட்டது. ஆடிப்பெருக்கன்று பெண்கள் நேரே சுவருக்கு வந்து, அவருடைய வெள்ளத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பினார்கள்.

"ஆத்தா, இது சரித்திரம்! அங்கிட்டுப் போங்க" என்று பதறினார்.

"நம்ம ஆறுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றாள் ஒருத்தி, கற்பூரத்தைக் கொளுத்தியபடி.



அடுத்த ஆடிக்கு முன்பே, பெண்களுக்குக் கையெட்டும் உயரத்தில், அந்த வெள்ளத்தின் ஓரமாக ஒரு படித்துறை முளைத்திருந்தது. அது எந்த ராஜா கட்டியது என்று நான் கேட்கவில்லை.