கேஜில் வைத்த பொட்டு

1. துடைத்த துணி

ஓசூர் கம்பெனியில் எனக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் வேலை. இரும்புப் பீஸில் போட்ட துளை சரியான அளவா என்று பிளக் கேஜ் என்கிற எஃகு அளவுக் குச்சியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கேஜில் அழுக்கு ஒட்டினால் நல்ல பீஸும் ரிஜெக்ட் ஆகிவிடும்.

போன வருஷ ஆயுத பூஜையில் சூப்பர்வைசர் முனிராஜு சார் மெஷின் மெஷினாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். என் மேஜையில் இருந்த ஆறு கேஜுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். கற்பூரம் அணைவதற்குள் ஆறையும் நான் துடைத்துவிட்டேன்.

சார் கன்னடக்காரர். கோபம் வந்தால் ‘ஏம்மா’ என்பதுகூடக் கன்னடத்தில்தான் வரும். “யாக்கம்மா, சாமி பொட்டையே அழிச்சுட்ட?”

“சந்தனம் காஞ்சா அளவு தப்பா காட்டும் சார். அழுக்கு பட்டா உடனே தொடைக்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

சந்தனத்தைப் போய் அழுக்கு என்றேன், அதுவும் அத்தனை பேர் முன்னால். தப்பென்று அப்போது உறைக்கவே இல்லை. அதற்குள் வாசலில் மேளம் ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்கு மண்டைக்குள் ஆணி இறக்குகிற மாதிரி இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன்.

“எவ்ளோ திமிரு பாரு” என்று யாரோ சொன்னது பொத்திய காதிலும் விழுந்தது.

2. கேன்டீன் சுவர்

பூஜை முடிந்ததும் எல்லோரும் நின்று குரூப் போட்டோ எடுப்பார்கள். அதை ஃப்ரேம் போட்டுக் கேன்டீன் சுவரில் மாட்டுவார்கள். நான் சேர்ந்த பிறகு மாட்டியவை பதினொன்று. மேளத்துக்குப் பயந்து ஓடிவிடுவதால் எதிலும் நான் இல்லை.

அந்தச் சுவருக்கு எதிரில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். கடைசிப் போட்டோவில் முனிராஜு சாருக்கும், என் பக்கத்து மேஜை சாந்திக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. சோற்றைப் பிசைந்தபடியே அங்கே என்னை நிறுத்திப் பார்ப்பேன். எனக்கு மனுஷங்களே ஆகாது என்று பேசிக்கொண்டார்கள். அட போங்க, ஒருத்தராவது “வா, இங்க வந்து உக்காரு” என்று கூப்பிட மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்.

3. நாற்பத்து மூன்று வயதில்

அந்தப் பூஜைக்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. பெங்களூரில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். நாலைந்து தடவை வரச்சொல்லி, சின்ன வயசிலிருந்து எல்லாம் கேட்டார். கடைசியில் ஆட்டிசம் என்றார். பிறவியிலேயே என் மூளை இப்படித்தானாம். திரும்பும்போது அத்திப்பள்ளி எல்லை வரைக்கும் பஸ்ஸில் அழுதேன். துக்கமெல்லாம் இல்லை. திமிர் இல்லை என்று ஒருத்தராவது சொன்னாரே!

சாந்தியிடம் சொன்னேன். கையில் இருந்த பீஸைக் கீழே வைத்தாள்.

“அப்ப நீ வேணும்னு பண்ணலியா?”

“இல்ல.”

“மேளம் வந்தா ஓடறதும் அதனாலதானா? ஏன்க்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“எனக்கே இப்பத்தான் தெரியும்.”

சாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன். அன்றைக்கே போய்ச் சொன்னாள். சார் ஒன்றுமே கேட்கவில்லை.

4. இந்த வருஷம்

சந்தனக் கிண்ணத்தோடு சார் என் மேஜைக்கு வந்து நின்றார். “எங்கம்மா வெக்கட்டும்?”

கேஜ் வைக்கிற மரப்பெட்டியைக் காட்டினேன். மூடியில் பெரிய பொட்டாக வைத்தார். “மேளம் அப்புறம் வரட்டும். மொதல்ல போட்டோ” என்று எல்லோரையும் கூப்பிட்டார். சாந்தி என் கையைப் பிடித்து இழுக்காமல், “இங்க வாக்கா” என்று பக்கத்தில் இடம் விட்டாள்.

போட்டோக்காரர், “மேடம், கேமராவப் பாருங்க” என்றார். இரண்டாம் தடவையும் சொன்னார்.

“அவங்க பாக்கற எடத்தப் பாக்கட்டும். நீ எடுப்பா” என்றார் சார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பக்கத்து மேஜைக்காரர் பாதியில் எழுந்து போனால், திமிர் என்று முடிவு கட்டுமுன் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது சுவரில் பன்னிரண்டு போட்டோ. கடைசியில் நான் இருக்கிறேன், பெட்டியைப் பார்த்துக்கொண்டு. சாந்தியோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் கண் என்னவோ நான் இல்லாத அந்தப் பதினொன்றுக்குத்தான் போகிறது.