இரண்டாவது டம்ளர்

யாத்திரைப் பாதை தொடங்கும் இடத்தில் இருந்த விடுதியின் முன்னறையில் ஒரு தராசும் ஒரு பெரிய மரப்பெட்டியும் உண்டு. பத்தொன்பது வருஷமாக அவற்றோடு இருந்தவளின் சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. தராசக்கா என்றால் போதும், ஊருக்கே தெரியும்.

இருபத்தெட்டு நாள் நடக்கக் கிளம்புகிறவர்களின் பையை நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பையைப் பிரித்து, வேண்டாததை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவாள். இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மகானுபாவர்களும் உண்டு. பை குறைந்ததும் மனசைக் குறைக்க ஒரு பேச்சு.

"நடந்து முடிச்சா வாழ்க்கையே மாறிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மூணாம் நாள் கொப்புளம் வரும். ஆறாம் நாள் கூட வந்தவங்களோட சண்டை வரும். சந்நிதியில அரை நிமிஷம் நிக்க விடுவாங்க. அவ்வளவுதான். எதையும் எதிர்பார்க்காம போனா ஏமாறாம வரலாம்."

திரும்பி வந்தவர்கள், "நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சுக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

ஆனால் அவள் அந்தப் பாதையில் ஒரு நாள்கூட நடந்ததில்லை. அவள் கணவர் பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் போன மனுஷர், ஓய்வு பெற்றதும் இரண்டு பேருமாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் வருஷம் லீவு கிடைக்காது என்றாள். அடுத்த வருஷம் முதுகு வலி என்றாள். மூன்றாம் வருஷம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே தன் பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"அங்க என்னங்க இருக்கு? கொப்புளம்தான். நீங்க வேணா போய்ட்டு வாங்க."

"நீயும் வந்தா நல்லாருக்கும்."

"எதையும் எதிர்பார்க்காம போங்க." பழகிய வாய், சொல்லிவிட்டது. அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

கிளம்பும் நாள் காலையில் எல்லாரையும் போல அவரும் வரிசையில் நின்றார். "அக்கா, என் பையையும் கொஞ்சம் பாருங்க" என்றதும் வரிசையே சிரித்தது. அவர் ஏழு கிலோ வரை தூக்கலாம். பை நாலரைதான் இருந்தது. தராசக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாருங்க எல்லாரும்! பை கட்டினா இப்படிக் கட்டணும்!" என்று பாதி காலியாகத் தொங்கிய அந்தப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்குமா? பிரித்தாள். உள்ளே இரண்டு எவர்சில்வர் டம்ளர்.

"ஒரு வாய்க்கு எதுக்கு ரெண்டு டம்ளர்?"

"இருக்கட்டுமே, என்ன பாரம்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டாள். வரிசை மறுபடி சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பன்னிரண்டாம் நாள் ஒரு விடுதியில் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. உடம்பு வண்டியில் வந்தது. பை அங்கேயே தங்கிவிட்டது. எட்டு நாள் கழித்து, அவரோடு நடந்த ஒரு வாத்தியார், நடையைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தப் பையைக் கொண்டுவந்தார். அவள் முன்னறையில்தான் இருந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? எந்த விடுதிக்குப் போனாலும் அடுக்குக் கட்டில்ல பக்கத்துக் கீழ்க்கட்டிலையும் பிடிச்சு வச்சுக்குவார். 'அவளுக்கு முதுகு வலி, மேல ஏற முடியாது. எப்படியும் பஸ் பிடிச்சு வந்து சேர்ந்துக்குவா'ம்பார். 'அவ துணியையும் நான்தானே தூக்கணும்'னு சொல்லி பையில பாதி இடம் விட்டு வச்சிருந்தார். நீங்க வர்றதா இருந்துச்சா?"

"ஆமாங்க. கிளம்பிக்கிட்டேதான் இருந்தேன்" என்று பொய் சொன்னாள்.

வாத்தியார் போனதும் பையைத் தராசில் வைத்தாள். நாலேகால். மிச்ச இடம் தனக்கு என்று தெரியாமல்தானே ஊரைக் கூட்டிக் காட்டினோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு பெட்டியைக் கவிழ்த்தாள். சீப்பு, கண்ணாடி, குடை, கனமான புத்தகங்கள் எல்லாம் உருண்டன. டம்ளரைக் காணோம்.

அப்புறம்தான் நினைவு வந்தது. அவர் கிளம்பிய மறுநாள், டம்ளர் எடுத்து வர மறந்துவிட்டேன் என்று நின்ற ஒரு பெண்ணுக்கு அவளே அதை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

அந்த டம்ளருக்கு இது பத்தொன்பதாம் நாள் நடை. அவர் படுத்த விடுதியை எப்போதோ தாண்டிப் போயிருக்கும். தராசக்கா கொட்டிக் கிடந்த சாமான்களின் நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.