முப்பத்தெட்டு வோல்ட் என்று எழுதியவன் நான்

தண்டபாணி இறந்த செய்தியை அவருடைய மைத்துனர் சைக்கிளில் வந்து சொன்னார். நான் கோல்ஃப் கிளப் ஸ்டோரில், சாணைக்கு அனுப்பவேண்டிய புல்வெட்டும் கத்திகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே, "பாணி சுடா தாடா, கிராணி," என்றார். பாணி இனி இல்லை என்பதற்கு அவர்கள் மலாய்ப் பேச்சில் அவ்வளவுதான். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன பிறகும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றிருந்தேன்.

அவரை அறிந்தவர்கள் மலாக்காவின் காஜா பெராங்கில் நிறைய இருக்கிறார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அங்கே கம்போங் செட்டியில், பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகள் குடும்பத்தில் பிறந்தவர். மாரியம்மனுக்கு விரதம் இருப்பார். வீட்டில் பேசுவது மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில சில்லறைச் சொற்களும்தான் தெரியும். சண்டைக்கு முன்பு ரயில் பெட்டிகளின் விளக்குகளுக்கான பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் மலாக்காத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதில் அந்த வேலை போயிற்று. பல வருடம் கைக்குக் கிடைத்ததைச் செய்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த கோல்ஃப் கிளப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே நான் ஸ்டோர் கிராணி, கணக்கு எழுதுகிறவன்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தின ஆண்டு கிளப்புக்கு ஒரு மின்சார வண்டி வந்தது. காலில் குண்டுபட்டு நொண்டிக்கொண்டிருந்த, ஓய்வுபெற்ற தோட்டத் துரை ஒருவருக்காக வரவழைத்தது. பெட்ரோல் கிடையாது. இருக்கைக்கு அடியில் ஆறு பேட்டரிகள், ஒவ்வொன்றும் ஆறு வோல்ட், வரிசையாகக் கோத்திருக்கும். காலையில் வோல்ட் பார்த்துப் புத்தகத்தில் எழுதவேண்டியது என் பொறுப்பு. முதல் நாள் சார்ஜரைக் கழற்றியதும் மீட்டரை வைத்தேன். ஊசி முப்பத்தொன்பதைத் தாண்டியது. எழுதப்போனேன். பாணி பக்கத்தின்மேல் கையை வைத்து மறைத்தார். அவர் மலாயில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

"இப்ப எழுதாதே, கிராணி. இது மேலாக மிதக்கிற சக்தி. ரெண்டு மணி நேரம் சும்மா விடு, இறங்கும். அப்புறம் முப்பத்தெட்டுல நின்னா வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"ஆறாறு முப்பத்தாறுதானே அண்ணே? முப்பத்தாறு இருந்தாலே போதாதா?"

"முப்பத்தாறுன்னா பாதிக்கு மேல செலவாயிடுச்சு. அதோட தூரம் போகாதே, நடந்துதான் திரும்பி வரணும்."

இரண்டு வோல்ட்டுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் என்னை வண்டியை ஓட்டச் சொன்னார். இருக்கையைக் கழற்றிவிட்டு, அவர் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஏழாம் குழியிலிருந்து திரும்பி வரும் ஏற்றத்தில் ஒவ்வொரு பேட்டரியிலும் மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தார். நின்றிருந்தபோது ஆறும் ஒரே மாதிரி ஆறேகாலுக்குச் சற்று மேலே காட்டியவை. ஏற்றத்தில் ஐந்து பேட்டரிகள் ஐந்தேமுக்காலுக்கு இறங்கி அங்கேயே நின்றன. மூன்றாவது நாலரைக்கு விழுந்தது. "டூடோக் டியாம், செமுவா பாகுஸ்," என்றார். சும்மா உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் நல்லதுதான் என்று அர்த்தம். அன்று இருவரும் சிரித்தோம்.

அந்த மூன்றாவது பேட்டரியை மாற்றவேண்டும் என்று செயலாளரிடம் மூன்று முறை போனார். செயலாளர் வெள்ளைக்காரர். ஒவ்வொரு முறையும் என் புத்தகத்தைத் திறந்து, தினமும் முப்பத்தெட்டு இருக்கிறதே என்பார். மூன்றாம் முறை திரும்பி வந்த பாணி என் மேசைமுன் நின்றார்.

"ஏத்தத்துல பார்த்த நம்பரையும் எழுதேன், கிராணி. நான் வாயால சொன்னா அவருக்குக் கேக்கல."

"நாளைக்கு எழுதுறேன் அண்ணே," என்றேன். எழுதவில்லை. புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை. செயலாளருக்குப் பிடிக்காத ஒன்றை என் கையெழுத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மை அவ்வளவுதான்.

பிறகு அவர்கள் குடும்பக் கோயிலில் பூசை வந்தது. பாணி ஒருநாள் லீவு எடுத்தார். போகும்போது, "நான் வர்றவரைக்கும் வண்டி கொட்டகையிலேயே இருக்கட்டும். யாருக்கும் கொடுக்காதே," என்றார். சரி என்றேன். மறுநாள் காலை துரை வந்து வண்டி வேண்டும் என்றார். சார்ஜரைக் கழற்றிய சூட்டோடு, இரண்டு மணி நேரம் பொறுக்காமல், மீட்டரை வைத்தேன். முப்பத்தெட்டு. எழுதினேன். பார்த்தவர் என்ற கட்டத்தில், கைப்பழக்கத்தில், தண்டபாணி என்று நானே போட்டேன். பேட்டரிகள் அவர் பொறுப்பு என்பதால் எப்போதும் அப்படித்தான் போடுவேன். வண்டியை வெளியே விட்டேன்.

ஏழாம் குழிக்கு அப்பால் துரைக்கு மார்வலி வந்தது. உடன் போனவர்கள் அவரைச் சாய்த்து உட்காரவைத்து வண்டியைத் திருப்பினார்கள். அந்த ஏற்றத்தில் அது மெதுவாகி நின்றுவிட்டது. வெயிலில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கிளப் படியை அடையும்போது உயிர் இல்லை. வண்டி ஓடியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் பின்னால் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதை யாரும் பாணியிடம் போய்ச் சொல்லவில்லை. நானும்தான்.

விசாரணை என்று இருவரையும் கூப்பிட்டார்கள். அன்று தான் வேலைக்கே வரவில்லை என்றும், வண்டியை வெளியே விடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் பாணி சொன்னார். செயலாளர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். தண்டபாணி என்று போட்டிருந்த வரியில் விரலை வைத்து, இது சரிதானா என்று கேட்டார். என் வீட்டில் நான்கு பிள்ளைகள். "புத்தகத்தில் இருக்கிறதுதான் சார்," என்றேன். பாணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அன்று மதியமே வேலை போய், தன்னுடைய மீட்டரையும், அமிலம் பார்க்கும் கண்ணாடிக் குழாயையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரத்தில் சுதந்திரம் வந்தது. ஊரே தெருவில் நின்றது. அந்தக் கூட்டத்தில் அவரைத் தூரத்தில் கண்டு நான் வேறு பக்கம் நகர்ந்துகொண்டேன். துரையைக் கொன்ற பேட்டரிக்காரன் என்று பட்டறைகளில் பேச்சு பரவியிருந்தது. யாரும் வேலை கொடுக்கவில்லை. வீட்டில் ரேடியோ பேட்டரிகளைச் சார்ஜ் செய்துபார்த்தார்; அதற்கும் ஆட்கள் குறைந்துபோனார்கள். மனைவி லெட்சுமி பலகாரம் செய்து விற்றார். பிறகு காசநோய் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருமுறை போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். என் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். வண்டி என்னவாயிற்று என்று கேட்டார். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"ஏத்தத்துல வச்சு யாராவது பார்த்தாங்களா, எது விழுந்துச்சுன்னு?"

"யாரும் பாக்கல அண்ணே."

"மூணாவதுதான்," என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதையெல்லாம் தமிழில் எழுதிவிட்டால் கடமை முடிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். பாணியின் வீட்டில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எழுதி முடித்த பிறகே உறைத்தது. தெரிந்தேதான் இந்த மொழியில் எழுத உட்கார்ந்தேனோ என்று என்மேலேயே சந்தேகம். அதனால் அச்சுக்குக் கொடுக்கும்முன் கம்போங் செட்டிக்குப் போனேன். லெட்சுமியின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மலாயில் சொன்னேன். முடித்ததும், "டியா தாவு," என்றார். பாணிக்குத் தெரியும் என்று அர்த்தம்.

வேலை போன அன்றே பாணி மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கிராணிக்கு நாலு பிள்ளைங்க, சின்னப் பிள்ளைங்க, நீ யார்கிட்டயும் பேசாதே என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் ஒருநாள் வருவான், தானே வந்து சொல்லுவான் என்றும் சொல்லியிருக்கிறார். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து பார்ப்பாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லையாம்.

"டியா துங்கு," என்றார் லெட்சுமி. அவர் காத்திருந்தார் என்று அர்த்தம். என்னைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. நடந்ததைச் சொல்கிறவர் குரலில் சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூட யாரும் இல்லை.

தண்டபாணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது துங்கு என்ற அந்த ஒரு சொல்தான்.