முத்து இறங்கும் வரை

ஒன்பதாம் மாதத்தில் எனக்கு அம்மை வார்த்தது. பிரசவத்துக்காக மயிலாடுதுறை பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். முதலில் வயிற்றில் மூன்று கொப்புளம், பிறகு கழுத்து, மாலைக்குள் முகம். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எதையும் வரிசைப்படுத்தித்தான் யோசிப்பேன். காய்ச்சல் அந்த வரிசையை மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது.

அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே போகக் கூடாது, மாத்திரை கூடாது.

"மாத்திரை போட்டா முத்து உள்ள அடிச்சிரும்டி. வந்தவ ஆத்தா. அவளே இறங்குவா."

"எனக்கு இறங்கிடும்மா. உள்ள இருக்கறதுக்கும் போட்டுட்டா?"

அம்மா என் வயிற்றையே பார்த்தாள். பிறகு மஞ்சள் நீரை வாசற்படியில் தெளித்துவிட்டு, "கோச்சுக்காத தாயே, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடுறோம். நீயும் கூட வா" என்றாள். காரில் எங்கள் நடுவே ஒரு வேப்பங்கொத்தும் வந்தது.

மற்ற கர்ப்பிணிகளுக்குத் தொற்றாமல் இருக்க, டாக்டரம்மா என்னைத் தனி அறையில் பார்த்தார்.

"உங்க உடம்புல எதிர்ப்புச் சக்தி இப்பத்தான் உருவாகுது. அது குழந்தைக்குப் போய்ச் சேர ஒரு வாரமாவது வேணும். அதுக்குள்ள பொறந்தா, இந்த நோய் குழந்தைய ரொம்பப் படுத்திடும். உங்களுக்கு மூச்சு வாங்கினாலும் உடனே வந்துடுங்க."

"நோய்னு சொல்லாதீங்க டாக்டர்" என்றாள் அம்மா.

"சரிம்மா, அம்மைன்னே சொல்றேன். மாத்திரைய மட்டும் விடாம குடுங்க."

சீக்கிரம் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த அம்மா, அன்றிலிருந்து வேண்டுதலைத் திருப்பிப் போட்டாள். மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் என் வயிற்றிடம் பேசினாள். "நாத்து பறிக்க இன்னும் நாள் கெடக்கு. பேசாம படு."

வேப்பிலை பரப்பிய படுக்கையில் கிடந்தேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடும் சத்தம் சுவருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கண்ணை மூடினால் வீடே மிதந்தது. நீர் நின்ற வயல் ஒன்று எனக்குள் விரிந்து கிடந்தது. அதன் அடியில் யாரோ புரண்டு படுத்தார்கள்.

ஒரு மதியம் வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வயிறு இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. "இப்ப வேணாம்டா கண்ணு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் சாயும்போது வலியும் போய்விட்டது. பொய்வலி என்றார்கள். அப்போதுதான் அம்மா அழுதாள்.

முத்து இறங்கியது. தலைக்கு மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. குழந்தையோ குறித்த நாள் தாண்டியும் அசையவில்லை.

"இருன்னு சொன்னா இப்பிடியா இருப்ப? சொன்ன பேச்சக் கேக்கறதுல உங்கம்மாவ மாதிரி இல்ல போல" என்று அம்மா வயிற்றை அதட்டினாள்.

கடைசியில் வந்தாள். டாக்டரம்மா அவள் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார்; உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. பால் குடுங்க" என்றார். வடு மறையாத என் மார்பில் அவளைக் கிடத்தினார்கள்.