முதுமாணிக்கு இருந்த ஒரே இடம்

ஆங்கிலத்தில் பட்டம் முடித்த நானும் குருநகர் மேரியும் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தோம். இருந்தது ஒரே இடம். கொழும்பில் நேர்முகப் பரீட்சை. போரால் தரைவழி மூடப்பட்டிருந்ததால், மேரியின் அப்பாவின் துணையோடு கிளாலிக் கடலைப் படகில் கடந்தோம். நடுவழியில் கடற்படையின் துப்பாக்கிச் சூடு விழுந்தது. மேரி என்மேல் சாய்ந்தாள். கரை சேருமுன் உயிர் போய்விட்டது.

"நானும் உங்களோடை திரும்பி வாறன் ஐயா," என்று அழுதேன்.

மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வேண்டாம் பிள்ளை. இவளை நான் வீட்டை கொண்டு போறன். நீ போய் அந்த இடத்தை எடு."

கொழும்பில் முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். அவள் இறந்துவிட்டதை நான்தான் எழுந்து சொன்னேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. மேரி என்னைவிடக் கெட்டிக்காரி. அது அவளுடைய அப்பாவுக்கும் தெரியும். அவருடைய நிலையில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.