வகுப்பு நடந்த கட்டில்

மருத்துவக் கல்லூரியில் அவனுக்கு 'டேப்' என்று பட்டப்பெயர். பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பான். நோயாளிகளின் முகம் அவனுக்கு நினைவிருக்காது. வீங்கிய மண்ணீரல், அடைத்த வால்வு என்றுதான் அடையாளம் வைத்திருந்தான்.

மூன்றாம் ஆண்டில் அவன் அம்மா வயிற்றுவலியோடு அதே மருத்துவமனையில் சேர்ந்தாள். ஆயத்த ஆடை ஆலையில் பொத்தான் தைப்பவள். மறுநாள் காலை பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நேராக அவள் கட்டிலுக்கே வந்தார். டேப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவோ, 'தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே' என்று கண்ணாலேயே சொல்லிவிட்டாள். ஆலைக்காரி மகன் என்று கூடப் படிப்பவர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்று அவளுக்குப் பயம்.

"நல்ல கேஸ். ஒவ்வொருத்தரா தொட்டுப் பாருங்க," என்றார் பேராசிரியர்.

ஒருவர் பின் ஒருவராக அழுத்தினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அவன் முறை வந்தது. விலாவுக்குக் கீழே கல்லீரல் கரடுமுரடாக, கல் மாதிரி தட்டுப்பட்டது. விரல்களுக்குப் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

"என்னப்பா, டேப் அறுந்துபோச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"புள்ளைய விடுங்க சார். காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்," என்றாள் அம்மா, தன்னை மறந்து.

"எங்கம்மா சார்," என்றான் அவன்.

பேராசிரியர் போர்வையை இழுத்து அவள் வயிற்றை மூடினார். மற்றவர்களை வெளியே அனுப்பினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றவர், பிறகு, "நான்தான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார்.

ஸ்கேன் முடிவு வந்ததும் அம்மா கேட்டாள்: "உள்ள என்னடா இருக்கு?"

அவன் மனப்பாடம் செய்த சொற்களில் ஒன்றுகூட உதவவில்லை. "கட்டிம்மா. கெட்ட கட்டி. எடுக்க முடியாத அளவுக்குப் பரவிடுச்சு."

"உன் பரீட்சை வரைக்கும் தாங்குமா?"

"தெரியலம்மா."

தாங்கவில்லை. அந்த ஆண்டு அவன் தேர்வு எழுதவில்லை. மறு ஆண்டு, தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து எழுதித் தேறினான்.

இன்று அந்த டேப்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மருத்துவர். கட்டிலருகே போனதும் பெயர் கேட்பார். தொடலாமா என்று கேட்பார். வேண்டாமென்றால் மாணவர்களைத் திருப்பி அழைத்துப் போய்விடுவார். "இப்படியே போனா பசங்க எதைத்தான் படிப்பாங்க?" என்று உடன் வேலை செய்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அன்று அத்தனை பேரும் அவர் அம்மாவின் வலியில்தான் கற்றுக்கொண்டார்கள். தானும் அங்கேதான் கற்றுக்கொண்டது மட்டும் அவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.